தெருவில் குழாய் இருக்கிறது, வீடு எப்போது சேரும்?

பாதாள சாக்கடைத் திட்டம் என்றதும் நம் கவனம் முழுவதும் தெருவுக்குப் போய்விடுகிறது. எத்தனை கோடி ரூபாய், எத்தனை கிலோமீட்டர் குழாய், தோண்டிய சாலையை எப்போது மூடுவார்கள் என்று கேட்கிறோம். வீட்டுக் கழிப்பறையிலிருந்து தெருவில் இருக்கும் ஆள் இறங்கும் குழி வரைக்குமான சிறு தூரத்தைப் பற்றி மன்றக் கூட்டத்திலும் பேச்சில்லை, தேர்தல் மேடையிலும் பேச்சில்லை. அதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு நகரத்தின் சாக்கடைத் திட்டம் பிழைப்பதும் படுப்பதும் அந்தச் சிறு தூரத்தில்தான். அந்தப் பொறுப்பு முழுவதையும் தனித்தனி வீட்டுக்காரர் தலையில் வைத்திருக்கும் விதி தவறானது. இணைப்பைப் போட்டுக் கொடுப்பது உள்ளாட்சியின் கடமையாகவும், அதைக் கெடுக்காமல் பயன்படுத்துவது வீட்டுக்காரரின் கடமையாகவும் மாற வேண்டும். புதுக்கோட்டை இப்போது மாநகராட்சி ஆகியிருக்கிறது. இந்த மாற்றத்தைத் தொடங்க இதைவிட நல்ல தருணம் அமையாது.

புதுக்கோட்டைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1878 முதல் திவானாகவும் பிறகு 1894 வரை ரீஜண்டாகவும் இருந்த அ. சேஷையா சாஸ்திரி இந்த ஊரைத் திருத்தியமைத்தபோது தெருக்கள் அகலமாகவும் நேராகவும் அமைந்தன. ராஜ வீதிகள், அவற்றை அடுத்து இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண் போட்டுச் செல்லும் ஒழுங்கு தமிழ்நாட்டில் பல ஊர்களுக்குக் கிடைக்காதது. பல்லவன் குளமும் புதுக்குளமும் அவர் காலத்தில் சீரானவை. ஊருக்குக் குடிநீர் குளத்திலிருந்து வந்த காலம் அது. மழைநீர் வரத்துவாரி வழியே ஓடிக் குளத்துக்கு வரும், குளம் நிறைந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். ஜீவநதி இல்லாத சமஸ்தானம் உயிர் பிழைத்தது இந்தச் சங்கிலியால்தான். இன்று குடிநீர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே வருகிறது. நீர் வரும் வழி மாறிவிட்டது. ஆனால் வெளியேறும் வழி பல தெருக்களில் இன்னும் அந்தப் பழைய வரத்துவாரிதான்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை நகராட்சியின் மக்கள் தொகை 1,17,630. பாதாள சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பதும், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் நாட்டில் பொறியாளர்கள் பின்பற்றும் நெறி. அப்படியானால் தலைக்கு 108 லிட்டர். ஊர் முழுவதற்கும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோடியே 27 லட்சம் லிட்டர். இது பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய தலைக்கணக்கு. 2024-இல் சுற்றியிருந்த ஊராட்சிகளும் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன, அவற்றின் தண்ணீர் இதில் சேரவில்லை. இவ்வளவு நீரும் தினந்தோறும் எங்காவது போயாக வேண்டும். குழாயில் சேராத ஒவ்வொரு லிட்டரும் தெருவோர வாய்க்காலிலோ, செப்டிக் டேங்கிலிருந்து கசிந்து நிலத்தடியிலோ, கடைசியில் ஒரு குளத்திலோதான் சேரும். நகர்ப்புறக் குளங்களில் படரும் ஆகாயத்தாமரை அந்தக் கணக்கை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி எழுதி வைத்திருக்கிறது. சாக்கடை தரும் ஊட்டம் இல்லாமல் அது அவ்வளவு செழிக்காது.

இனி விதிக்கு வருவோம். வீட்டு வடிகாலைப் பொதுச் சாக்கடையோடு இணைக்கச் சொல்லும் சட்டத்தின் வேர் இங்கிலாந்தின் 1848-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இருக்கிறது. நூறு அடிக்குள் சாக்கடை இருந்தால் வீட்டை அதோடு இணைக்க வேண்டும், உரிமையாளர் செய்யாவிட்டால் உள்ளூர் வாரியமே செய்து செலவை வசூலித்துக்கொள்ளலாம் என்றது அது. அதே நூறு அடிக் கணக்கு 1888-ஆம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தில் வந்து உட்கார்ந்தது. பிற மாகாணங்களின் நகராட்சிச் சட்டங்களும் அதே வார்ப்புதான். தமிழ்நாட்டில் 1998-இல் நிறைவேறிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023-இல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. எல்லாவற்றிலும் முதுகெலும்பு ஒன்றே: உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடு, செய்யாவிட்டால் நடவடிக்கை எடு. கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அறிவிப்புக் கொடுத்து, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, தவறியவர் மேல் வழக்குப் போடும் ஆள்பலம் எந்த நகராட்சியிடம் இருக்கிறது? தானே செய்து செலவை வசூலிக்கும் வழியோ கடைசி ஆயுதமாக ஏட்டிலேயே தங்கிவிடுகிறது. அந்தக் கடைசி வழியை முதல் வழியாக ஆக்க வேண்டும்.

வீட்டுக்காரர் இணைப்பு வாங்காமல் இருப்பதை அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. கட்டடத்தைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். நம் பழைய தெருக்களில் வீடுகள் அகலம் குறைந்தவை, நீளம் மிகுந்தவை. கழிப்பறை கொல்லையில் இருக்கும். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் மலம் அள்ளுபவர் பின்பக்கமாக வந்து போவதற்காக அப்படி வைத்தார்கள். சாதியின் கொடுமை வீட்டின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது. இன்றைய சாக்கடைக் குழாயோ முன்வாசல் தெருவில் போகிறது. கொல்லையிலிருந்து வாசல் வரை கூடம், முற்றம், ரேழி எல்லாவற்றையும் உடைத்துக் குழாய் பதிக்க வேண்டும். அதற்குச் சரிவும் வேண்டும். நான்கு அங்குலக் குழாய்க்கு 57 அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் இருந்தால்தான் நீரோடு கழிவும் சேர்ந்து போகும். நூறு அடி நீள வீட்டுக்கு அது ஒன்றே முக்கால் அடி. வீட்டுத் தரை தெருவைவிட உயரமாக இருந்த காலத்தில் இது பெரிய விஷயம் அல்ல. ஆனால் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, பல தெருக்களில் வாசற்படி தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதற்குள் பல தெருக்கள் உயர்ந்துவிட்டிருந்தன. தெருவை உயர்த்தியது அரசு, இணைக்கவில்லை என்று அறிவிப்பு வருவது வீட்டுக்காரருக்கு. இதில் நியாயம் இல்லை.

சில வீடுகள் சேராவிட்டால் என்ன, சேர்ந்த வீடுகளுக்காவது குழாய் உதவட்டுமே என்று தோன்றலாம். சாக்கடைக் குழாய் அப்படி வேலை செய்வதில்லை. மண்ணும் கழிவும் அடியில் தங்காமல் அடித்துச் செல்ல, நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். ஆயிரம் வீடுகளுக்கென்று அளவெடுத்துப் போட்ட குழாயில் முந்நூறு வீடுகள் மட்டும் சேர்ந்தால் நீர் அடியில் நூலாக ஓடும். கழிவு அங்கங்கே தங்கும், அழுகும். அழுகினால் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகும். அடைப்பு வந்தால் மூடியைத் திறப்பார்கள். திறந்த பிறகு யாரையாவது உள்ளே இறக்குவார்கள். இறங்கியவர் ஓரிரு மூச்சில் மயங்கி விழுவார், காப்பாற்றப் போனவரும் விழுவார். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் தொழிலாளர் மாண்ட கணக்கில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. நமக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கி வேலை வாங்குவதை எவருக்கும் தடை செய்கிறது, வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தண்டனையும் இழப்பீடும் வேண்டியவைதாம். ஆனால் அடைப்பே வராமல் தடுப்பதுதான் உயிரைக் காக்கும். அந்தத் தடுப்பு வீட்டு இணைப்பின் விதியில் தொடங்குகிறது.

அடைப்புக்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு சீரழிவும் உண்டு. மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் விடுவதைச் சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,650 லிட்டர் தண்ணீர் சேரும். நால்வர் உள்ள குடும்பத்தின் ஒரு நாள் கழிவுநீர் 432 லிட்டர். ஆக, ஒரு மணி நேர மழையில் ஒரு வீடு பத்து நாளுக்கு மேற்பட்ட சாக்கடையைக் குழாய்க்குள் தள்ளுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பள்ளமான தெருக்களில் ஆள் இறங்கும் குழியின் மூடி பெயர்ந்து சாக்கடை பொங்குவதன் பெரிய காரணங்களில் இது ஒன்று. மேட்டுத் தெருக்காரர் விட்ட மழைநீர் பள்ளத்தெருக்காரர் வீட்டுக் கழிப்பறை வழியே எழும்பி வருகிறது. பள்ளத்தெருவில் பெரும்பாலும் குடியிருப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். ஏரி, கண்மாய், ஊருணிகளை நம்பி வாழும் மாவட்டத்தில் மாடியில் விழும் மழையைச் சாக்கடையில் விடுவது இரட்டைக் குற்றம்.

இதையெல்லாம் யார் சோதிப்பது? கட்டடம் முடிந்ததும் நிறைவுச் சான்று கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால், சிறிய குடியிருப்புகளுக்கு 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளே அந்தச் சான்றிலிருந்து விலக்கு அளித்துவிட்டன. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட அதிகாரி நேரில் வந்து பார்க்காமலே இணையத்தில் அனுமதி கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பங்களின் அலைச்சலையும் கையூட்டையும் குறைக்கும் நல்ல முறை அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சாதாரண வீட்டின் வடிகாலை அரசின் கண் பார்க்கும் ஒரே சந்தர்ப்பம் இனி சாக்கடை இணைப்புக் கொடுக்கும் நாள்தான். அன்று மண் மூடுவதற்கு முன்பே சில விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். சுற்றுச்சுவருக்குள் திறந்து பார்க்க வசதியாக ஒரு ஆய்வுத் தொட்டி, துர்நாற்றமும் பூச்சியும் திரும்பி வராமல் நீர் நிற்கும் டிராப், கூரைக்கு மேலே போகும் காற்றுக் குழாய், சரியான சரிவு, மாடிக்குழாய் தனியே பிரிந்திருக்கிறதா என்பது. ஓட்டல், திருமண மண்டபம் என்றால் எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும் தொட்டி இல்லாமல் இணைப்பே கூடாது. ஒரு முகூர்த்த நாளின் எண்ணெய் முழுத் தெருவின் குழாயையும் அடைக்கப் போதும். பழைய செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, மணலால் நிரப்பி மூட வேண்டும். அப்படியே விட்டுவைத்த தொட்டி நாளை யாரையாவது காவு வாங்கும்.

உள்ளாட்சியே முன்னின்று செய்தால் நடக்குமா என்ற ஐயத்துக்கு ஆலந்தூர் பதில் சொல்கிறது. சென்னையை ஒட்டிய தனி நகராட்சியாக ஆலந்தூர் இருந்த 1990-களின் பிற்பகுதியில், அதன் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி பாதாள சாக்கடைக்கு மக்களிடமே முன்பணம் கேட்டார். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது சிறு தொகை அல்ல. தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, செலவு எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே விளக்கினார்கள். மக்கள் பணம் கட்டினார்கள், அதன் பிறகே பள்ளம் தோண்டினார்கள். பணம் கட்டிய வீடு இணைப்பைக் கேட்டு நிற்கும், இணைக்கச் சொல்லி அதைத் துரத்த வேண்டியதில்லை. கட்சி வேறுபாடு பாராமல் எந்த ஊரும் படிக்க வேண்டிய பாடம் இது. கராச்சியின் ஒராங்கி குடியிருப்பில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முயற்சி இன்னும் ஒரு படி மேலே போனது. சந்துக்குச் சந்து மக்கள் கூடி, தங்கள் செலவிலேயே சந்துக் குழாயைப் பதித்தார்கள். பொறியாளர்கள் அளவும் கருவியும் யோசனையும் கொடுத்தார்கள். பிரேசிலில் அதே காலத்தில் வந்த முறையில், தெரு நடுவே ஆழமாகத் தோண்டாமல், வீடுகளின் பின்பக்கமாகச் சிறிய குழாயை ஆழம் குறைவாகக் கொண்டுபோய் ஒரு மனைத்தொகுதி முழுவதையும் ஓரிடத்தில் பொதுக்குழாயோடு சேர்த்தார்கள். கழிப்பறை கொல்லையில் இருக்கும் நம் பழைய தெருக்களுக்கு அளவெடுத்தது போன்ற யோசனை அது. முன்வாசலில்தான் இணைக்க வேண்டும் என்று விதி பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டார் ஒப்பினால் பின்பக்கக் குழாயை மாநகராட்சியே ஏற்றுப் பராமரிக்கலாம்.

எதிர்வாதங்கள் வலுவானவை, அவற்றைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ஏழை வீடு எப்படிப் பணம் கட்டும் என்பது முதலாவது. முழுத் தொகையையும் ஒரே நாளில் கேட்பதால்தான் கட்ட முடிவதில்லை. சொத்து வரி, தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்துச் சில ஆண்டுகளுக்குத் தவணையாகப் பிரித்தால் பெரும்பாலோர் கட்டுவர். குடிசை வீடுகளுக்கும் பட்டா இல்லாத குடியிருப்புகளுக்கும் மாநகராட்சியே இலவசமாகப் போட வேண்டும். அந்தச் செலவு குளத்தைத் தூர்வாரவும் கொசுவுக்கு மருந்தடிக்கவும் ஆண்டுதோறும் கொட்டும் பணத்தைவிடக் கனமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. என் வீட்டில் நல்ல செப்டிக் டேங்க் இருக்கிறது, எனக்கு எதற்கு இணைப்பு என்பது அடுத்தது. செம்புறாங்கல்லும் பாறையும் கலந்த இந்தப் பூமியில், நெருக்கமான தெருவில், ஒரு வீட்டின் கசிவு அடுத்த வீட்டின் கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ தேடிப் போகும். ஒருவரின் தொட்டி கெட்டதை அடுத்த வீட்டுக்காரர்தான் முதலில் அறிவார் என்பதால், இதைத் தனிமனித விருப்பத்துக்கு விட முடியாது.

மூன்றாவதுதான் கனமானது. குழாயில் விட்டாலும் அரசு ஒழுங்காகச் சுத்திகரிக்காமல் எங்கோ ஒரு வாய்க்காலில்தானே விடப்போகிறது, நான் எதற்கு இணைய வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு வரிகட்டுபவருக்கும் உண்டு. பதில் சொல்லும் கடமையும் விதிக்குள்ளேயே வர வேண்டும். சுத்திகரித்து வெளியேற்றும் நீரில், அதன் மாசைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு வரம்பு வைத்தது. இணைப்புக் கட்டணம் வாங்கும் மாநகராட்சி, அந்த அளவு இந்த மாதம் எவ்வளவு வந்தது என்று கட்டண ரசீதிலேயே அச்சிட்டுக் கொடுக்கட்டும். வீட்டுக்காரருக்கு மட்டும் கெடு வைக்கும் விதியை மக்கள் மதிக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் கட்டுப்படும் விதியை மதிப்பார்கள். காவிரி உபரிநீரைக் குண்டாறு வரை கொண்டுபோகும் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் இந்த மாவட்டத்தின் குன்னத்தூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். தொலைவிலிருந்து தண்ணீர் வரவேண்டும் என்று இத்தனை காலம் போராடும் மண்ணில், நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் கிடைக்கும் நீரை நன்றாகச் சுத்திகரித்து மரக்கன்றுக்கும் தீவனப் பயிருக்கும் தொழிற்பேட்டைக்கும் கொடுக்காமல் விடுவது பெரும் இழப்பு.

எல்லா ஊருக்கும் பாதாள சாக்கடை வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. இலுப்பூர், கீரனூர், அரிமளம், பொன்னமராவதி போன்ற பேரூராட்சிகளில் வீடுகள் கலைந்து கிடக்கும் இடங்களில் குழாய் போட்டால் அது நூலாகத்தான் ஓடும். அங்கே கசியாத செப்டிக் டேங்க், குறித்த கால இடைவெளியில் லாரியில் கழிவை எடுப்பது, எடுத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுவது ஆகியவையே சரியான வழி. அதற்கான வழிகாட்டு நெறிகளைத் தமிழ்நாடு அரசு 2014-இலேயே வெளியிட்டது. செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் மாநிலத்தின் முதல் கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. நெருக்கமான தெருக்களுக்குக் குழாய், மற்ற இடங்களுக்கு லாரி என்று எல்லையைத் தெளிவாக வரைந்து மக்களுக்கு அறிவித்துவிட்டால், பத்தாண்டுக்குப் பிறகு வரப்போகும் குழாயை நம்பி இன்று மோசமான தொட்டியைக் கட்டும் பழக்கம் நிற்கும்.

புதுக்கோட்டை மாமன்றம் ஒரு தீர்மானத்தில் இவற்றை எழுதிவிட முடியும். புதுக்குழாய் பதிக்கும் தெருவில் சாலையை மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டின் ஆய்வுத் தொட்டி வரை இணைப்பைப் போட்டு முடிக்க வேண்டும், செலவு தவணையில் வர வேண்டும், மாடி நீரைக் குழாயில் விட்டால் அபராதம் உண்டு, சுத்திகரிப்பு அளவு மாதந்தோறும் வெளியாக வேண்டும். அறந்தாங்கி நகராட்சியும் இதையே எடுத்துக்கொள்ளலாம். தீர்மானம் வரும்வரை வாசகர்கள் செய்யக்கூடியவை உண்டு. உங்கள் மாடிக்குழாய் எங்கே போகிறது என்று இந்த மழைக்கு முன் பாருங்கள். சாக்கடையில் சேர்ந்திருந்தால் பிரித்துவிடுங்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடம் உங்கள் தெருவின் இணைப்பு எப்போது, எவ்வளவு செலவில் என்று எழுத்தில் கேளுங்கள். அடைப்பு வந்தால் எந்த நிலையிலும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள், 14420 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.